தலைக்கு மேல் உயிர்மெய்

நான் பல் கட்டுகிறவன். பல் பிடுங்குகிறவன் அல்ல, அந்தப் பாவம் மருத்துவரைச் சேர்ந்தது. பிடுங்கிய இடத்தில் வைக்கிற பல்செட்டை, வாயின் அச்சைப் பார்த்து, மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்து செய்து கொடுப்பது என் பிழைப்பு. மெழுகு இளகியிருக்கும்போது மூச்சைக்கூடப் பார்த்துத்தான் விட வேண்டும். அப்படிப்பட்டவன் தலைக்கு மேல் ஒரு பிள்ளையைக் குதிக்க விட்டால் என்ன ஆகும்? ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவருக்கு நான் நட்ட முன்பற்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றன. அவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "என்னங்க இது, விவாகரத்து கேக்க வந்த மாதிரி நிக்குது" என்று கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இருபத்தாறு வருடத் தொழிலில் எனக்கு இப்படி ஒரு பேச்சு வந்ததில்லை. அன்றைக்கே மேல்வீட்டுக் கதவைத் தட்டினேன்.

மேல்வீட்டில் இருப்பவள் பஸ் ஓட்டுகிறாள். அடுக்ககம் முழுக்க அவளைப் பஸ்காரம்மா என்றுதான் சொல்வார்கள். கணவனுக்குக் கப்பலில் வேலை, வருடத்துக்கு ஒரு தடவை வந்து முகம் காட்டுவான். எட்டு வயதிலும் ஏழு வயதிலும் இரண்டு பெண்கள். சின்னவள் வைத்த இடத்தில் இருப்பாள். பெரியவளுக்கு என் மனைவி வைத்த பெயர் பம்பரம்.

கதவு திறந்ததும் நான் சொல்ல வந்தது மறந்துபோயிற்று. கூடத்தில் ஒரு நாற்காலி இல்லை, ஒரு பாய் இல்லை. தரை முழுக்க ஓரடிக் கற்கள், ஒவ்வொரு கல்லிலும் ஓர் எழுத்து, பழைய காலண்டர் தாளில் வெட்டி ஒட்டியது. எங்கள் அடுக்ககத்தில் எல்லாக் கூடமும் பதினெட்டடி நீளம், பன்னிரண்டடி அகலம். கட்டினவன் தெரிந்து கட்டினானோ தெரியாமல் கட்டினானோ, க-விலிருந்து ன வரைக்கும் பதினெட்டு வரிசை, அ-விலிருந்து ஔ வரைக்கும் பன்னிரண்டு, இருநூற்றுப் பதினாறு உயிர்மெய்யும் ஓர் இடம் மிச்சமில்லாமல் உட்கார்ந்திருந்தன. புள்ளி வைத்த எழுத்துகள் பதினெட்டும் பால்கனியில். உயிரெழுத்துகள் சமையலறைக்குப் போகும் நடையில். ஜ, ஷ, ஸ, ஹ நாலும் விருந்தாளிகள் மாதிரி செருப்பு வைக்கும் இடத்தில். ஆய்தத்தைக் குளியலறை வாசலில் தனியாக ஒட்டியிருந்தாள்.

பஸ்காரம்மா ஒரு டப்பாவைக் குலுக்கி ஒரு சீட்டை எடுத்துக் கொடுப்பாள். பம்பரம் அதைப் படித்துப் படித்து, எழுத்துக்கு எழுத்து ஓடி, கோட்டை மிதிக்காமல் அந்தந்தக் கல்மேல் இரண்டு காலாலும் குதிக்க வேண்டும். அதுதான் விளையாட்டு. அதுதான் என் நீதிபதியின் விவாகரத்து.

"உக்காந்து படின்னா இவளுக்கு எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஓடுது சார்" என்றாள் பஸ்காரம்மா. "இவ ஓடினா எழுத்து நின்னுடுது. நான் என்ன பண்ணட்டும்?"

"உங்க பொண்ணு ஓடறதுக்கு என் தலைதான் கெடைச்சுதா?"

"மூணு வாரம் பொறுத்துக்கங்க. ஸ்கூல்ல ஒரு பக்கம் படிச்சுக் காட்டணும். மூணு தப்பு வரைக்கும் விடுவாங்க. நாலாவது வந்தா இதே வகுப்பிலதான். அடுத்த வருஷம் சின்னவளும் அந்த வகுப்புக்கு வந்துடுவா. அக்காவும் தங்கச்சியும் ஒரே பெஞ்சில உக்காரணும்."

பம்பரம் 'ழை'மேல் நின்றபடி, "அவ எனக்குச் சொல்லிக் கொடுப்பாளாம் மாமா" என்றாள். தூக்குத் தண்டனையைப் படிப்பதுபோல் சொன்னாள். மூலையில் கதைப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த சின்னவள் பக்கத்தைப் புரட்டினாள்.

எனக்கு இரக்கம் வரவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கோபம்தான் இன்னும் ஏறியது. கீழே வந்து, நல்ல தமிழில், அடித்தல் திருத்தல் இல்லாமல், அடுக்ககச் சங்கத்தின் செயலாளருக்கு ஒரு புகார்க் கடிதம் எழுதினேன். எழுதி முடித்ததும் இரண்டு முறை படித்து ரசித்தேன். என் கையெழுத்து மட்டும் எப்போதும்போல் கோழி கிளறியதாக அமைந்தது. செயலாளர் எடைக்கற்களைச் சோதிக்கும் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். "புகார் கொடுத்தவர் பேரு வெளியில வராது. கூட்டத்தில வெச்சுத் தீர்மானம் போட்டுடலாம்" என்று வாங்கி வைத்துக்கொண்டார். கூட்டத்துக்குப் பத்து நாள் இருந்தது.

அந்தப் பத்து நாள்தான் என்னைக் கெடுத்தது.

தரையை ஒரு தடவை பார்த்துவிட்டேன், வந்தது வினை. கண் மறந்தாலும் காது மறக்க மாட்டேன் என்றது. எங்கள் மின்விசிறிக்கு நேர் மேலே 'மூ'. அது வந்தால் விசிறியே தலையை ஆட்டும். ன வரிசை பாத்திர அலமாரிக்கு மேல், 'னை' வந்தால் தம்ளர்கள் பேசும். பால்கனிப் பக்கம் தொம் என்றால் புள்ளி எழுத்து. இரண்டாம் நாள் சாயங்காலம் ஒரு கடைவாய்ப் பல்லை நட்டுக்கொண்டிருந்தபோது, யாரும் கேட்காமலே என் வாய் சொன்னது: "ந... ண்... டு."

மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "பைத்தியம் உங்களுக்கா, மேல வீட்டுக்காரங்களுக்கா? ஒரே வார்த்தையில சொல்லுங்க, அடுப்புல பால் இருக்கு."

நண்டு பஸ் ஓட்டப் போனது. இது நான் சொல்வதல்ல, கூரை சொன்னது. பஸ்காரம்மா தானே கதை கட்டிச் சீட்டு எழுதியிருக்கிறாள். நண்டுக்கு நேராக ஓட்டத் தெரியாது. பஸ் பக்கவாட்டில் போயிற்று. பயணிகள் எல்லாரும் இறங்க வேண்டிய நிறுத்தத்துக்குப் பக்கத்துத் தெருவில் இறங்கினார்கள். நான் ஒரு பல்லுக்கு ஒரு வார்த்தை என்று நட்டுக்கொண்டே கேட்டேன். வேலை கெடவில்லை. அடுத்த எழுத்து எங்கே விழும் என்று தெரிந்துவிட்டால் கை அதிராது என்பது எனக்கே புதுச் செய்தி.

நாலாம் நாள் நண்டு 'பாலாம்' ஏறியது. பாலமா, பாலாமா? ஒரு கல் தள்ளிக் குதித்திருக்கிறாள். கோணல் பல்லைப் பார்த்தால் எனக்கு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. ஒட்டடைக் குச்சியை எடுத்துக் கூரையில் இரண்டு தட்டுத் தட்டினேன். டக், டக்.

மேலே சத்தம் நின்றது. பிறகு மெல்ல ஒரு குதி, சரியான 'ல'வின்மேல்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. தப்பென்றால் இரண்டு தட்டு, திரும்பிப் போய்ச் சரியாகக் குதிக்க வேண்டும். சரியென்றால் தட்டு கிடையாது. நான் பாராட்டிப் பழகியவன் அல்ல. படிக்கட்டில் பார்த்தபோது பஸ்காரம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். "நீங்க கோவக்காரர்னு நெனச்சுட்டேன் அண்ணா. உங்க தட்டுக்காகவே அவ நின்னு நிதானமாப் பாத்துக் குதிக்கிறா." முந்தின வாரம் வரை சார் என்றவள் அண்ணா என்றதும் எனக்குப் பெருமை பிடிபடவில்லை. கடிதம் என்று ஒன்று எழுதினதே மறந்துவிட்டது என்றால் நம்புவீர்களா? நீங்கள் நம்ப வேண்டாம். மறந்துவிட்டது.

பத்தாம் நாள் சாயங்காலம் நண்டு மலைப்பாதையில் இறங்கிக்கொண்டிருந்தது. எதிரே லாரி. "நண்டு பிரேக்கை" என்று கூரை சொன்னது. அவ்வளவுதான். மேலே யாரோ கதவைத் தட்டுகிற சத்தம், பேச்சு, பிறகு ஒன்றுமே இல்லை. நான் தலையை அண்ணாந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். பிரேக்கை என்ன செய்தது? மிதித்ததா, மறந்ததா, பிடுங்கித் தின்றதா? கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

காலையில் லிஃப்ட் பக்கத்தில் அறிவிப்பு தொங்கியது. ஒரு குடியிருப்பாளரின் புகாரின் பேரில் மேல்மாடி வீடுகளில் குதித்தல் தடை செய்யப்படுகிறது. நடக்கலாம். நடக்கும்போது ஒரு காலாவது தரையில் இருக்க வேண்டும்.

பஸ்காரம்மா காக்கிச் சட்டையோடு அதன் முன்னால் நின்றிருந்தாள். "எந்தப் புண்ணியவான்னு தெரியல அண்ணா. வயித்தெரிச்சல். என் பொண்ணு இப்பதான் ஒரு வரி முழுசாப் படிக்க ஆரம்பிச்சா." கண்ணைத் துடைத்துக்கொண்டு ஷிஃப்டுக்குப் போனாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கையால் கெட்டவன்.

இருப்பதில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு செயலாளர் வீட்டுக்குப் போனேன்.

"புகாரை வாபஸ் வாங்கிக்கறேன்."

"தாராளமா" என்று ஃபைலிலிருந்து என் கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். "புகாரை வாபஸ் வாங்கலாம். தீர்மானத்தை வாங்கணும்னா அடுத்த கூட்டம் வரணும்."

"அது எப்ப?"

"அடுத்த மாசம்."

"அந்தப் பொண்ணுக்குப் பரிட்சை பத்து நாள்ல."

"குதிக்காம படிக்கச் சொல்லுங்க. நானெல்லாம் குதிச்சா படிச்சேன்?"

கடிதத்தைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு படியிறங்கினேன். வீட்டில் கிழிக்க முடியாது. என் மனைவி குப்பைக்கூடையில் கிடக்கும் துண்டுகளை ஒட்டவைத்துப் படிக்கும் ஜாதி. வெளியில் எங்காவது கிழித்துப் போடலாம் என்று இருந்து, சட்டையைக் கழற்றி மாட்டியதோடு அதையும் மறந்தேன். மறதிக்கு என்னிடம் பஞ்சமில்லை.

பாதிப் படியில்தான் யோசனை வந்தது. தடை மேல்மாடிகளுக்கு, எங்கள் வீடு முதல் மாடி. எங்கள் வீட்டுக்குக் கீழே மனிதர்கள் இல்லை, வண்டிகள்தான் நிற்கின்றன. வண்டிகள் புகார் எழுதாது.

வேலியில் போகிற ஓணானைப் பிடித்து வேட்டியில் விட்டுக்கொண்ட கதை இதுதான். அன்று மாலையே இருநூற்றுப் பதினாறு எழுத்தும் எங்கள் கூடத்துக்கு இறங்கிவிட்டன. சோபா படுக்கையறைக்குப் போயிற்று, படுக்க வேண்டுமென்றால் அதைத் தாண்டிக் கட்டிலில் விழ வேண்டும். என் மேசையை மட்டும் நகர்த்த முடியாது, கனம். ங வரிசைமேல் நிற்கட்டும், அதில் யாருக்கும் வேலையில்லை என்று விட்டேன். ஆனால் பலகை அகலமானது, க-வும் ச-வும் அதன் அடியில் மாட்டிக்கொண்டன. 'கா' வந்தால் பம்பரம் தவழ்ந்து மேசைக்கு அடியில் போய், என் கால்களுக்கு நடுவில் கல்லைத் தட்டிவிட்டு, 'சி'க்கு மறுபக்கம் உருண்டு வருவாள். சமையலறை நடையில் உயிரெழுத்துகள் இருப்பதால் என் மனைவியும் சும்மா நடக்க முடியவில்லை. "அ, ஆ, இ, ஈ, உப்பு எங்க வெச்சேன்" என்று தாண்டித் தாண்டிப் போனாள். இரண்டு கிலோ இளைத்ததாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டாள்.

நான் ஒட்டடைக் குச்சியைத் திருப்பிப் பிடித்து, இப்போது தரையில் தட்டினேன். குழந்தையின் முகத்தை அந்தப் பத்து நாள்தான் பக்கத்தில் பார்த்தேன். எழுத்தைக் கண்டுபிடித்துவிட்டால் குதிப்பதற்கு முன்பே அந்த முகத்துக்குத் தெரிந்துவிடுகிறது. முதலில் ஓடிக் குதித்தாள். பிறகு எட்டி வைத்தாள். கடைசி நாட்களில் சில வார்த்தைகளுக்கு நின்ற இடத்திலேயே குதிகாலை மட்டும் தூக்கித் தூக்கி வைத்துப் படித்தாள். நண்டு பிரேக்கை மிதித்தது. ஆனால் எட்டுக் காலில் எது பிரேக்குக்கு என்று தெரியாமல் எட்டாலும் மிதித்தது. எனக்கு நிம்மதியாயிற்று.

பரீட்சை வெள்ளிக்கிழமை மத்தியானம். பஸ்காரம்மாவுக்கு ஷிஃப்ட் மாறவில்லை. "பாதி வழியில பஸ்ஸை நிறுத்திட்டு வர முடியாதே அண்ணா. நீங்க கூட்டிட்டுப் போங்க. நீங்க பக்கத்துல இருந்தா அவளுக்குத் தைரியம்." நல்ல சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டேன். திரும்புகிற வழியில் கொடுக்க வேண்டிய நீதிபதியின் புது செட்டைத் துணியில் சுற்றிக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

தலைமையாசிரியை கெட்டிக்காரி. பாடப் புத்தகத்தைக் கொடுத்தால் பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பித்துவிடுகிறார்கள் என்று ஒரு முறை கண்டுபிடித்திருந்தார். கூட வந்த பெரியவரின் பையில் எந்தக் காகிதம் இருக்கிறதோ அதைப் பிள்ளை படிக்க வேண்டும். எங்களுக்கு முன்னால் ஒரு பையன் மருந்துப் பெட்டிக்குள் இருந்த தாளை, மயக்கம் வாந்தி வயிற்றுப்போக்கு வரை படித்துத் தேறிப் போனான்.

"உங்ககிட்ட என்ன இருக்கு?"

கால்சட்டைப் பையிலிருந்து துணிப்பொட்டலத்தை எடுத்தேன். அவர் பிரித்துப் பார்த்தார். எல்லாப் பற்களும் அவரைப் பார்த்துச் சிரித்தன.

"இதில எழுத்து இல்லையே" என்று திருப்பிக் கொடுத்தார். "சட்டைப் பையில தெரியுதே, அது?"

என் கை பைக்குப் போவதற்குள் அவர் கை போய்விட்டது. தொழில் பழக்கம், எத்தனை பிட்டுகளைப் பிடித்த கையோ. மடிப்பைப் பார்த்ததும்தான் தெரிந்தது, என் புகார்க் கடிதம். "மேடம், அது வேணாம், அது சொந்த விஷயம்" என்றேன். "சொந்த விஷயம்னா நிச்சயமா இவ படிச்சிருக்க மாட்டா" என்று பம்பரத்தின் கையில் கொடுத்தார்.

தரையில் போட்டிருந்த கோட்டில் அவள் நின்றாள். என்னைப் பார்த்து ஒரு தடவை சிரித்தாள். பிறகு படிக்க ஆரம்பித்தாள்.

"மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு. இரண்டாம் மாடியில் வசிக்கும் பஸ் ஓட்டுநரின் மூத்த பெண்..."

நிறுத்தினாள். குதிகால் இரண்டும் தரையை விட்டு எழும்பி இறங்கின. மறுபடி ஆரம்பித்தாள். "மூத்த பெண், காலையிலும் மாலையிலும், காட்... காட்டு..." காட்டெருமை விழுந்தது, ஒன்று. காட்டெருமை போலக் குதிக்கிறாள் என்று எழுதிவிட்டு நான் ரசித்த இடம் அது. அடுத்த வரியில் 'அமைதியின்மை' போயிற்று, இரண்டு. 'அடுக்ககவாசிகளின்' மூன்று. அவள் முகத்தில் எல்லாம் தெரிந்தது. படிக்கத் தெரியாத குழந்தையாக இருந்திருந்தால் அவளுக்கு இது எதுவும் புரிந்திருக்காது. எனக்கு அவள் நன்றாகப் படிக்க வேண்டும், ஒரு வார்த்தைகூடப் படிக்கக் கூடாது. இரண்டும் ஒரே நேரத்தில் வேண்டியிருந்தது.

கடைசி வரி வந்தது. எனக்கு மனப்பாடம். 'படிப்பு ஏறாத ஒரு பிள்ளைக்காக, உழைத்துப் பிழைக்கிறவன் பல்லைக் கடித்துக்கொண்டு வாழ முடியாது.'

பம்பரம் அந்த வரியைப் பார்த்தாள். "ஒரு பிள்ளைக்காக" என்று படித்தாள்.

முதல் இரண்டு வார்த்தையை விட்டுவிட்டாள். தெரியாமல் அல்ல. அவள் வலது குதிகால் 'ப'வுக்குத் தூக்கியதையும், பாதியில் நின்றதையும் நான் பார்த்தேன். தலைமையாசிரியை பேனாவைத் தாளுக்குக் கொண்டுபோனார். அது நாலாவது. அதோடு முடிந்தது, அடுத்த வருடம் தங்கச்சி சொல்லிக் கொடுப்பாள்.

என் கையில் நீதிபதியின் பற்கள் இருந்தன. பெஞ்சின்மேல் தட்டினேன். டக், டக்.

பேனா நின்றது. "அங்க என்ன சத்தம்?"

"பல்லு விழுந்துடுச்சு மேடம்."

பம்பரம் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் போய்ச் சரியாகக் குதிக்க வேண்டும் என்பது எங்கள் சட்டம். அவள் திரும்பிப் போனாள். அறை முழுக்கக் கேட்கிற குரலில், "படிப்பு ஏறாத ஒரு பிள்ளைக்காக" என்று படித்தாள். மிச்சத்தையும் படித்து முடித்தாள். மேற்கொண்டு ஒரு தப்பும் இல்லை.

"கீழே கையெழுத்து..." என்று தடுமாறினாள்.

"அதை விட்டுடு, அது எழுத்தே இல்ல" என்றார் தலைமையாசிரியை. தாளை வாங்கி ஒரு முறை ஓட்டிப் பார்த்தார். "எழுதினவருக்குத் தமிழ் நல்லா வருது. அதுக்கு மேல எதுவும் வரல போலிருக்கு. போம்மா, நீ மேல் வகுப்பு."

வீட்டுக்கு நடந்து வந்தோம். நீதிபதி வீட்டுத் தெருவைத் தாண்டியதுகூட எனக்குத் தெரியவில்லை. வழியில் எத்தனையோ கல், கோடு, குழி. பம்பரம் ஒன்றில்கூடக் குதிக்கவில்லை. பெரிய மனுஷி மாதிரி ஓரமாக நடந்து வந்தாள். அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. ஐஸ் வாங்கித் தரட்டுமா என்றேன். வேண்டாம் என்றாள்.

எங்கள் கூடத்துக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, எழுத்துகளுக்கு நடுவில் நின்றாள். கடிதம் அவள் கையில்தான் இருந்தது. தலைமையாசிரியை அதைப் பரிசு மாதிரி அவளிடமே கொடுத்திருந்தார்.

"பல்லு மாமா, எல்லாத்தையும் படிச்சிட்டேன். இந்தக் கையெழுத்து மட்டும்தான் படிக்க முடியல. யாரு எழுதினது?"

எனக்குப் பொய் சொல்ல வராது என்றெல்லாம் இல்லை. செயலாளர் பெயரைச் சொல்லியிருக்கலாம், எதிர்வீட்டுக்காரனைக் கைகாட்டியிருக்கலாம். சமையலறையில் மனைவி பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது. அவளும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

வேட்டியை மடித்துக் கட்டினால் குதிக்கலாம், கால்சட்டைக்கு அந்த வசதி இல்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு 'நா'வின்மேல் குதித்தேன். ஐம்பத்தாறு வயது உடம்பு, கீழே நின்ற ஏதோ ஒரு வண்டி அலறியது. பால்கனிக்கு ஓடி 'ன்'. திரும்பி வந்து 'தா'. மறுபடி பால்கனி, 'ன்'. மூச்சு வாங்க நின்றேன்.

பம்பரம் வாய்க்குள் ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். சேர்த்து முடித்ததும் கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு மூலையில் சாத்தியிருந்த ஒட்டடைக் குச்சியை எடுத்து வந்தாள்.

டக், டக் என்று தரையில் தட்டினாள்.

"கோட்டை மிதிச்சுட்டீங்க மாமா. திரும்பிப் போய்ச் சரியாக் குதிங்க."

நான் திரும்பிப் போனேன்.